பழைய ஐ ஷேடோ பேலட்: பூசுவதா, பூட்டி வைப்பதா, மறுபடி வாங்குவதா?

பீரோவின் அடித்தட்டில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கிடக்கும் ஐ ஷேடோ பேலட்டை, அதாவது இமையில் பூசும் பல நிறத் தூள்கள் அடுக்கிய பெட்டியை, என்ன செய்வது என்று கேட்பவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். கேள்வி பல உருவில் வருகிறது. "கல்யாணத்துக்கு வாங்கியது, பாதிகூடத் தீரவில்லை, இன்னும் பூசலாமா?" என்பது ஒன்று. "கல்லூரியில் தோழியிடம் பார்த்து ஏங்கியது, இன்று கையில் காசு இருக்கிறது, பொருள்தான் சந்தையில் இல்லை. இணையத்தில் யாரோ விற்கிறார்கள், வாங்கலாமா?" என்பது இன்னொன்று. "தூக்கிப் போட மனம் வரவில்லை" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருப்பவர்களும் உண்டு. அதில் கேள்வியே இல்லை, ஆனாலும் பதிலை எதிர்பார்ப்பார்கள்.

நானும் ஒப்பனைப் பொருட்களைச் சேர்த்து வைக்கும் ரகம்தான். அதனால் இந்தத் தயக்கம் எனக்குப் புதிதல்ல. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முழுப் பெட்டியைப் பற்றி ஒரே முடிவு எடுப்பதுதான் பலரும் செய்யும் பிழை. பன்னிரண்டு நிறம் இருந்தால் பன்னிரண்டு முடிவு எடுக்க வேண்டும். சில வில்லைகள், அதாவது சின்னத் தகரத் தட்டில் அழுத்தி வைத்த தனித்தனி நிறங்கள், பதினைந்து ஆண்டு கழித்தும் நன்றாக இருக்கும். பக்கத்திலேயே இருக்கும் இன்னொன்று கண்ணருகே கொண்டுபோகவே கூடாததாக ஆகியிருக்கும்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரு பேலட்டை நடுவில் வைத்துக்கொள்ளலாம்: அர்பன் டிகே நிறுவனத்தின் முதல் நேக்கட். 1996-இல் கலிஃபோர்னியாவில் இந்த நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் சாண்டி லெர்னர், சிஸ்கோ கணினி வலையமைப்பு நிறுவனத்தை நிறுவிய இருவரில் ஒருவர். அழகுசாதனக் கடைகள் எங்கும் ரோஜா நிறமாகவே இருக்கிறதே என்ற எரிச்சலில் பிறந்தது அது. கரப்பான்பூச்சி, புகைமூட்டம், அமில மழை என்றெல்லாம் நகப்பூச்சுக்குப் பெயர் வைத்தார்கள். ஊதாவும் பச்சையுமாக விற்றுவந்த அந்த நிறுவனம், 2010-இல் பழுப்பும் வெண்கலமுமாகப் பன்னிரண்டு நிறங்களை ஒரு பழுப்பு வெல்வெட் பெட்டியில் அடுக்கி 44 டாலருக்கு விற்றது. அது ஒரு தலைமுறையின் ஒப்பனைப் பெட்டியையே மாற்றிவிட்டது. 2012-இல் பிரெஞ்சு அழகுசாதன நிறுவனமான லோரியால் அந்த நிறுவனத்தை வாங்கியது. 2018-இல் நேக்கட்டுக்கு இறுதிச் சடங்கு என்று விளம்பரம் செய்து, உற்பத்தியை நிறுத்தினார்கள். அப்போது விலை 54 டாலர். அமெரிக்காவிலிருந்து வரும் அக்காவோ சித்தப்பா மகளோ பெட்டியின் மூலையில் செருகி எடுத்துவந்து, நம் வீடுகளில் ஒன்றிரண்டு இன்னமும் இருக்கின்றன.

## எதை வைத்து எடைபோடுவது

கண்தான் முதல் அளவுகோல். இதில் ஒரு வில்லை தோற்றால் மற்றதைப் பார்க்க வேண்டியதே இல்லை. இமை முகத்திலேயே மெல்லிய தோல். அங்கே பூசிய தூள் எப்படியும் கண்ணுக்குள் கொஞ்சம் போகும்.

இரண்டாவது, தூளின் இன்றைய நிலை. பெட்டியில் அச்சிட்ட தேதியை மட்டும் வைத்து இதைச் சொல்ல முடியாது. ஐரோப்பிய விதிப்படி, முப்பது மாதங்களுக்கு மேல் தாங்கும் பொருளில் மூடி திறந்த டப்பாவின் படம் போட்டு, அதற்குள் 12 அல்லது 24 என்று மாதக் கணக்கு எழுதியிருப்பார்கள். திறந்த நாளிலிருந்து அத்தனை மாதம் என்று பொருள். இந்தியாவில் விற்கும் பொருளில் எந்த மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்று அச்சிட்டாக வேண்டும். அமெரிக்காவில் அப்படிக் காலாவதித் தேதி போடச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. ஆகவே அக்கா கொண்டுவந்த பெட்டியில் தேதி இல்லை என்பதற்கு, அது என்றென்றும் கெடாது என்று பொருள் இல்லை.

மூன்றாவது, செலவு. விலைச்சீட்டில் இருப்பது அதில் ஒரு பகுதிதான். பார்சல் கட்டணம், சுங்க வரி, உடைந்து வந்தால் போகும் பணம், போலியாக இருந்தால் போகும் பணம், அதைச் சுத்தம் செய்ய ஆகும் நேரம் எல்லாம் கணக்கில் வர வேண்டும்.

நான்காவது அளவுகோலைப் பலர் எண்ணிப் பார்ப்பதே இல்லை: இன்றைய உங்கள் முகம். இருபத்திரண்டு வயதில் அழகாக இருந்த பட்டை மினுமினுப்பு, நாற்பதை நெருங்கும் இமையின் சுருக்கங்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அதே வயதில் மினுமினுப்பு இல்லாத மேட் நிறங்கள் முன்பைவிடப் பொருந்தலாம்.

கடைசியாக, எதற்கு ஏங்குகிறீர்கள் என்பது. நிறத்துக்கா, அந்தப் பெட்டிக்கா, அந்தக் காலத்துக்கா? மூன்றுக்கும் வெவ்வேறு வழி இருக்கிறது.

| வழி | கண்ணுக்கு | நிறத்துக்கு | மறைந்திருக்கும் செலவு | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|---|
| இருப்பதையே பூசுவது | வில்லையைப் பொறுத்தது | மேட் பழுப்பு நன்று. ஜிகினா மோசம் | நேரம், புது பிரஷ் | தன் கையால் வாங்கி, தான் மட்டும் பூசியவருக்கு |
| பூசாமல் பத்திரப்படுத்துவது | ஆபத்து இல்லை | பார்க்க மட்டும் | இடம், பராமரிப்பு | பெட்டியை நேசிப்பவருக்கு |
| நின்றுபோனதைத் தேடி வாங்குவது | மிகவும் சந்தேகம் | அதிர்ஷ்டம் | அதிகம் | சேகரிப்பாளருக்கு மட்டும் |
| அதே நிறங்களைப் புதிதாகச் சேர்ப்பது | நன்று | கிட்டத்தட்ட | மிதம் | பூசிக்கொள்ள விரும்பும் பெரும்பாலோருக்கு |

## இருப்பதையே பூசுவது

அழுத்திய தூள் ஐ ஷேடோவில் தண்ணீர் கிடையாது. மைக்கா, டால்க், நிறமி, இவற்றை ஒட்டிப் பிடிக்கச் சிறிது எண்ணெய் அல்லது சிலிக்கோன், கெடாமல் காக்கும் ஒரு பதப்படுத்தி. அவ்வளவுதான். தண்ணீர் இல்லாத இடத்தில் கிருமிகள் எளிதில் பெருகுவதில்லை. அதனால்தான் மஸ்காராவை மூன்று மாதத்தில் மாற்றச் சொல்லும் அதே நிபுணர்கள் தூளுக்கு ஆண்டுக் கணக்கில் அவகாசம் தருகிறார்கள். ஆனால் அந்தப் பாதுகாப்பை நாமே கெடுத்துவிடுகிறோம். மினுமினுப்பு பளிச்சென்று ஒட்ட வேண்டும் என்று பிரஷை ஈரமாக்கித் தொடுவது, குளியலறை அலமாரியில் ஆவி படும்படி வைப்பது, கல்யாண வீட்டில் நான்கு பேர் ஒரே பஞ்சால் பூசிக்கொள்வது எல்லாம் சேர்ந்துதான் தூளைக் கெடுக்கின்றன. சென்னை போன்ற கடலோர ஊர்க் காற்றின் ஈரமும் உதவி செய்வதில்லை.

ஆகவே முதல் கேள்வி வரலாறு. இந்தப் பெட்டியை வேறு யார் தொட்டார்கள்? இதைப் பூசிய நாட்களில் யாருக்காவது மெட்ராஸ் ஐ வந்ததா, கண்கட்டி வந்ததா? ஆம் என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. சுத்தம் செய்து பார்க்கலாமா என்று யோசிக்கவே வேண்டாம்.

வரலாறு சுத்தமாக இருந்தால், வெளிச்சமான ஜன்னலருகே உட்கார்ந்து ஒவ்வொரு வில்லையாகச் சோதிக்கலாம். முதலில் மூக்கு. தூளுக்கு வாடையே இருக்கக் கூடாது, அல்லது வாங்கியபோது இருந்த மெல்லிய வாடை மட்டும் இருக்க வேண்டும். ஒட்டுப் பொருளாகச் சேர்த்த எண்ணெய் காற்றில் கெட்டுப்போயிருந்தால், தீபாவளி முடிந்து மாதக்கணக்கில் மறந்துபோன முறுக்கு டப்பாவைத் திறந்த மாதிரி ஒரு சிக்கு வாடை எழும். அது வந்த வில்லை போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். டூ ஃபேஸ்ட் நிறுவனத்தின் சாக்லேட் பார் போன்ற மணமூட்டிய பேலட்டுகளில் இந்தச் சோதனை கடினம். கோகோ மணம் மற்றதையெல்லாம் மூடிவிடும். அவற்றில் மணத்தை விட்டுவிட்டு, தொட்டுப் பார்ப்பதை நம்புவதே நல்லது.

அடுத்தது கண். மேற்பரப்பில் பஞ்சு போலவோ புள்ளிப் புள்ளியாகவோ சாம்பல் வெள்ளை தெரிந்தால் பூஞ்சை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு வில்லையில் பூஞ்சை தெரிந்தால் பக்கத்து வில்லைகளையும் சேர்த்துத்தான் கழிக்க வேண்டும். வில்லை வில்லையாக முடிவெடுக்கச் சொன்ன நான், வரலாறு கெட்ட பெட்டியைத் தவிர, விதிவிலக்கு வைப்பது இந்த ஒரு இடத்தில் மட்டும்.

பூஞ்சையோடு குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்று உண்டு. நடுவில் மட்டும் பளபளவென்று, கருத்து, மெழுகு பூசியது போல இறுகிய ஒரு படலம். விரலால் தொட்டுப் பூசிய வில்லையில் தோலின் எண்ணெய் இறங்கி இப்படி ஆகும். பிரஷால் எவ்வளவு தேய்த்தாலும் நிறம் வராது. "தூள் செத்துவிட்டது" என்று பலர் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். சாகவில்லை. நேக்கட்டின் ஹாஃப் பேக்ட் என்ற தங்க வெண்கல நிறத்தில் இது சாதாரணமாகப் பார்க்கக்கூடியது, எல்லோரும் விரலால் எடுக்கும் நிறம் அதுதான். செல்லோ டேப்பில் ஒரு துண்டு வெட்டி, ஒட்டும் பக்கத்தை வில்லையின் மீது மெதுவாக அழுத்தி, ஒரு ஓரத்திலிருந்து தூக்குங்கள். முதல் துண்டில் மங்கலான பழுப்புத் தகடு ஒன்று உரிந்து வரும். இரண்டாவது துண்டில் கொஞ்சம் தங்கம் கலந்து வரும். மூன்றாவதில் வில்லை முழுவதும் கடையில் பார்த்த நாளின் நிறத்தில் மின்னும். டேப்பை அழுத்தித் தேய்க்கக் கூடாது. அழுத்தினால் வில்லையே பொடிந்து மேசையில் கிடக்கும்.

படலம் போனபின் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை மெல்லிய தூறலாகத் தெளித்து, மூடாமல் நிழலில் காயவிடலாம். 70 என்பதற்குக் காரணம் இருக்கிறது: கலந்திருக்கும் தண்ணீர்தான் ஆல்கஹால் கிருமிக்குள் இறங்கிப் புரதத்தைக் கெடுக்க உதவுகிறது, 99 சதவீதமானது வேலை முடிவதற்குள் ஆவியாகிவிடும். கை கழுவும் சானிடைசரைப் பயன்படுத்த வேண்டாம், அதில் கிளிசரினும் வாசனையும் கலந்திருக்கும். இதை ஒரு மருத்துவச் சுத்திகரிப்பு என்றும் நம்பிவிடக் கூடாது. மேல்தளத்தின் கிருமியைக் குறைக்கும், பூஞ்சை வித்துகளை அழிக்காது, சில மினுமினுப்பு வில்லைகளின் பதத்தை மாற்றிவிடும்.

எந்த நிறம் தாங்கும் என்பதற்கு ஒரு வேதியியல் கணக்கு இருக்கிறது. பழுப்பு, மஞ்சள் பழுப்பு, செம்பழுப்பு, கறுப்பு ஆகியவற்றின் அடிப்படை பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு. காவிக்கல்லுக்கு நிறம் தருவதும் அதே சேர்மம்தான். வெளிச்சத்துக்கும் காலத்துக்கும் அசையாது. நேக்கட்டின் பக் என்ற மேட் பழுப்பு இன்றும் பூசும்படி இருப்பதற்கு அதுதான் காரணம். கொச்சினீல் பூச்சியிலிருந்து வரும் கார்மைன் சிவப்பும், சாயத்தால் ஆன சில ஊதாக்களும் அந்த அளவுக்கு உறுதி கொண்டவை அல்ல. ஜிகினா கலந்தவை வேறு விதமாகத் தோற்கும்: ஒட்டுப் பொருள் உலர்ந்ததும் ஜிகினா தூளைவிட்டுப் பிரிந்து கன்னத்தில் உதிரும். நேக்கட்டின் சைட்கார் புதிதாக இருந்தபோதே உதிரும் என்று பெயர் வாங்கியது. இப்போது அதை நான் இமையருகே கொண்டுபோக மாட்டேன். கிரீம் ஐ ஷேடோ எதுவாக இருந்தாலும் இந்தப் பகுதிக்குள் வராது. அதில் எண்ணெயும் மெழுகும்தான் அதிகம், சிலவற்றில் தண்ணீரும் உண்டு. பழையது என்றால் குப்பைக்கூடைதான்.

அம்மாவின், பாட்டியின் காலத்து உண்மையான பழம்பொருள் என்றால் என் பதில் இன்னும் கறாராக இருக்கும். டால்க்கும் ஆஸ்பெஸ்டாஸும் பூமிக்குள் அருகருகே கிடக்கும் கனிமங்கள். இன்றைய சோதனைகளுக்கு இடையிலும் கலப்பு வருகிறது. 2019 மார்ச்சில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கிளேர்ஸ் கடைகளில் விற்ற ஐ ஷேடோ உள்ளிட்ட மூன்று பொருட்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்ததாக எச்சரித்தது. வேறு பதப்படுத்தி கைகொடுக்காத இடத்தில், கண் பகுதிப் பொருட்களில் மட்டும் பாதரசச் சேர்மத்தைப் பத்து லட்சத்தில் 65 பங்கு வரை அமெரிக்க விதி அனுமதித்தும் இருக்கிறது. நாற்பது ஆண்டுப் பழைய நீல நிற டப்பாவின் உள்ளே என்ன இருக்கிறது என்று வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது.

இந்த வழியின் மறைமுகச் செலவு நேரம்தான். ஒரு பேலட்டை ஒழுங்காகச் சோதித்துச் சுத்தம் செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை போய்விடும். பழைய பிரஷ்களைக் கழுவிக் காயவைக்க வேண்டும், பெட்டியோடு வந்த பஞ்சுக் குச்சிகளைக் கட்டாயம் எறிய வேண்டும். எல்லாம் முடிந்தபின் முழங்கையின் உட்புறத்தில் பூசி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்களுக்கும், அண்மையில் கண் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் இந்த வழியே வேண்டாம்.

## பூசாமல் பத்திரப்படுத்துவது

இதைச் சொன்னால் வீட்டிலுள்ளவர்கள் சிரிப்பார்கள். பட்டுப்புடவையை ஆண்டுக்கு ஒருமுறை எடுத்து மடிப்பு மாற்றி வைப்பவர்கள்தான் அப்படிச் சிரிப்பதும். ஒரு பொருள் பயன்பட்டால்தான் வைத்திருக்கலாம் என்று எந்த விதியும் இல்லை.

பத்திரப்படுத்துவதிலும் வேலை உண்டு. நேக்கட்டின் வெல்வெட் மேற்பரப்பு தூசியை இழுத்து வைத்துக்கொள்ளும். ஈரத்துணியால் துடைத்தால் திட்டுத்திட்டாக ஆகும், மென்மையான உலர்ந்த பல்துலக்கும் பிரஷ்தான் சரி. அனஸ்தேசியா பெவர்லி ஹில்ஸின் 2016-ஆம் ஆண்டு மாடர்ன் ரெனசான்ஸ் பேலட், அதன் வெளிர் ரோஜாத் துணி உறையால் இன்னும் மோசம். அழுக்குக் கைரேகை விழுந்தால் போகாது. ரப்பர் போன்ற மேற்பூச்சு கொண்ட கறுப்புப் பெட்டிகள் நம் வெப்பத்திலும் ஈரத்திலும் சில ஆண்டுகளில் பிசுபிசுக்கத் தொடங்கிவிடும். அந்தப் பிசுபிசுப்பு அழுக்கு அல்ல, பூச்சே சிதைவது. ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்தால் பூச்சோடு சேர்த்துப் பெயரும் போய்விடும், கீழே வெறும் பிளாஸ்டிக் நிற்கும். பெட்டிக்காகவே வைத்திருப்பவர் இதைத் தெரிந்து செய்ய வேண்டும்.

கத்திரி வெயிலில் கொதிக்கும் மொட்டைமாடி அறை, சமையலறையை ஒட்டிய சுவர், குளியலறை ஆகிய மூன்றையும் தவிர்த்து, துணிகள் இருக்கும் பீரோவின் நடுத்தட்டில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு படுக்கை வாக்கில் வைத்தால் போதும். பெட்டியின் மேல் "பூசக் கூடாது" என்று ஒரு சீட்டு ஒட்டுங்கள். கல்யாண அவசரத்தில் யாராவது எடுத்துவிடுவார்கள்.

## நின்றுபோனதைத் தேடி வாங்குவது

நான்கு வழிகளில் நான் மிகவும் எதிர்ப்பது இதைத்தான். கிடைக்காத பொருளின் மீது ஆசை அதிகம் என்பது விற்பவருக்கு நன்றாகத் தெரியும்.

முதல் சிக்கல் போலி. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ, இணையச் சந்தைகளில் மூன்றாம் நபர் விற்பனையாளர்களிடம் 47 பொருட்களை வாங்கிச் சோதித்து 2018 ஜனவரியில் அறிக்கை வெளியிட்டது. மொத்தம் இருபது போலி. அதில் அர்பன் டிகே பொருட்கள் பதின்மூன்று, பதின்மூன்றுமே போலி. அதே பட்டியலில் இருந்த காலணிகள் அத்தனையும் அசல் என்பதைப் பார்க்கும்போது, ஒப்பனைப் பொருளை வாங்குவது எவ்வளவு பெரிய சூதாட்டம் என்று விளங்கும். அதே ஆண்டு ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலிஸ் போலீசார் சான்டி ஆலி சந்தைப் பகுதியில் சுமார் ஏழு லட்சம் டாலர் மதிப்புள்ள போலி ஒப்பனைப் பொருட்களைக் கைப்பற்றினார்கள். அர்பன் டிகே, மேக், நார்ஸ் பெயரில் விற்ற அவற்றின் மாதிரிகளில் பாக்டீரியாவும் விலங்குக் கழிவும் இருந்தன. கண்ணில் பூச வேண்டிய பொருள் இது.

இரண்டாவது சிக்கல், அசலாக இருந்தாலும் வயது. 2018-இல் நின்ற பேலட்டை "சீல் உடைக்காதது" என்று விற்றால், உள்ளே இருக்கும் தூளுக்குக் குறைந்தது அத்தனை ஆண்டு வயது. சீல் கிருமியைத் தடுக்கும், எண்ணெய் சிக்குப் பிடிப்பதைத் தடுக்காது. பதப்படுத்தியும் காலப்போக்கில் வீரியம் இழக்கும். எங்கே வைத்திருந்தார்கள் என்பதை விற்பவர் சொல்வதைத் தவிர வேறு வழியில் அறிய முடியாது. அமெரிக்காவின் ஒரு கோடைகாலம் முழுவதும் கார் கொட்டகையில் வெந்திருக்கலாம்.

தயாரிப்புக் குறியீட்டை இணையத்தில் போட்டுத் தேதி பார்க்கலாம் என்பார்கள். பார்க்கலாம், ஆனால் பழைய பொருளில் இது ஏமாற்றும். மேக் உள்ளிட்ட எஸ்டீ லாடர் குழுமப் பொருட்களின் மூன்றெழுத்துக் குறியீட்டில் கடைசியாக வருவது ஆண்டின் கடைசி இலக்கம் மட்டும். அது 4 என்றால் 2014-ஆக இருக்கலாம், 2004-ஆகவும் இருக்கலாம். வலைத்தளம் இளமையான ஆண்டைத்தான் காட்டும். அதோடு, நல்ல போலிகளில் அசல் பெட்டியிலிருந்து நகலெடுத்த குறியீடே இருக்கும்.

பயன்படுத்திய ஒப்பனைப் பொருளை விற்க ஈபே இணையச் சந்தை அனுமதிப்பதில்லை. எனவே "ஒருமுறை தொட்டுப் பார்த்தது" என்று எழுதி விற்பவர் விதியை மீறித்தான் விற்கிறார், பணத் தகராறு வந்தால் உங்கள் பக்கம் பலம் குறையும். இந்தியாவுக்குப் பார்சல் வந்தால் சுங்க வரியும் சேரும். இறுகி உலர்ந்த வில்லைகள் கப்பலும் விமானமும் ஏறி இறங்கி வரும்போது பொடிந்துபோவதும் உண்டு. ஆல்கஹால் விட்டு அழுத்தி ஒட்டவைக்கலாம், ஆனால் அப்புறம் அது பழைய பதத்தில் வராது.

அப்படியும் வாங்குவதற்கு நியாயம் இருக்கிற சந்தர்ப்பம் ஒன்று: பூசும் எண்ணமே இல்லாமல், சேகரிப்பில் விட்டுப்போன ஒன்றை நிரப்ப வாங்குவது. 2010-இல் அர்பன் டிகே கொண்டுவந்த ஆலிஸ் இன் வொண்டர்லாண்ட் பேலட் போன்ற, விரித்தால் அட்டைக் காட்சி எழுந்து நிற்கும் பெட்டிகளுக்கு அப்படி ஒரு மதிப்பு உண்டு. அதையும் நேரில் பார்த்து, மூடி திறந்து, விற்பவரை அறிந்து வாங்குங்கள். உறவினரோ தோழியோ தன் பழையதைக் கொடுத்தால் அது வேறு விஷயம். பொருளின் வரலாற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது.

## அதே நிறங்களைப் புதிதாகச் சேர்ப்பது

பழைய பேலட்டில் எந்த வில்லையில் தகரம் தெரிகிறது என்று பாருங்கள். நீங்கள் உண்மையில் விரும்பிய நிறம் அதுதான். மற்றவை பெட்டியை நிறைக்க வந்தவை.

நேக்கட்டை நம் தோலில் வைத்து எண்ணிப் பார்த்தால் இது தெளிவாகும். வெளிர் முத்து நிறமான வர்ஜின், மாநிறத்துக்கும் அதற்குக் கீழும் உள்ள இமையில் வெள்ளைக் கோடாக நிற்கும். பேலட்டின் பெயரையே கொண்ட மேட் நிறம் மங்கிய சாம்பல் பூச்சாகத் தெரியும்; வெளுத்த தோலுக்கு நிழல் தரச் செய்தது அது. பக் நமக்கு மடிப்பில் அடிப்படை நிறமாக உதவும். ஆனால் ஹாஃப் பேக்டும், ஸ்மாக் என்ற அடர் வெண்கலமும், ஹசில் என்ற கருஞ்செம்பழுப்பும் மாநிற இமையில் காட்டும் ஒளியை வெளிர் தோலில் பார்க்க முடியாது. அதாவது பன்னிரண்டில் நான்கு. நான்கு நிறத்துக்காகப் பழைய பெட்டியைத் தேடி ஊரெல்லாம் அலைவானேன்?

புதிதாகச் சேர்க்க மூன்று கிளை வழிகள் இருக்கின்றன. நிறுவனமே கொண்டுவந்த வாரிசை வாங்குவது ஒன்று. 2019 ஜனவரியில் நேக்கட் ரீலோடட் வந்தது, அதுவும் பன்னிரண்டு நிறம். ஆனால் பழைய நேக்கட்டின் கன்மெட்டல், கிரீப் போன்ற குளிர்ந்த சாம்பல் கறுப்புகளை நேசித்தவருக்கு அது ஏமாற்றம். முழுக்க வெதுவெதுப்பான, அதாவது மஞ்சளும் செம்பும் சாயல் கொண்ட, பக்கம் சாய்ந்துவிட்டது. பெயரை நம்பி வாங்காமல் நிறத்தைப் பார்த்து வாங்க வேண்டும்.

மலிவு நகல் இரண்டாவது. 2014-இல் இங்கிலாந்தில் தொடங்கிய மேக்கப் ரெவல்யூஷன், நேக்கட் வரிசையை அப்படியே நினைவூட்டும் ஐகானிக் பேலட்டுகளை நான்கு பவுண்டுக்கு விற்றது. மினுமினுப்பு நிறங்களில் நகலுக்கும் அசலுக்கும் வித்தியாசம் குறைவு. மேட் நிறங்களில்தான் குட்டு வெளிப்படும்: நிறமி குறைந்து நிரப்புத்தூள் மிகுந்த மேட், மாநிறத் தோலில் சாம்பலாகவே விழும். ஆகவே மினுமினுப்புக்காக ஏங்குபவர் மலிவில் வாங்கலாம், மேட்டுக்காக ஏங்குபவர் அதில் காசைக் கரைக்க வேண்டாம்.

மூன்றாவது வழியைத்தான் நான் பரிந்துரைப்பேன்: தனி வில்லைகளை வாங்கி காந்தப் பெட்டியில் அடுக்குவது. மேக் போன்ற நிறுவனங்கள் 26 மில்லிமீட்டர் வட்ட வில்லைகளைத் தனியாக விற்கின்றன. அந்த அளவு வேறு பல நிறுவனங்களுக்கும் பொதுவாகிவிட்டதால் கலந்து அடுக்கலாம். கெட்டுப்போனதை மட்டும் கழற்றி மாற்றலாம், வாங்கிய மாதத்தைப் பின்புறம் எழுதி ஒட்டலாம். மறைமுகச் செலவு இங்கேயும் உண்டு: நான்கு தனி வில்லையும் காலிப் பெட்டியும் சேர்ந்தால் ஒரு முழுப் பேலட்டின் விலையைத் தொடும், சில நேரம் தாண்டும். வில்லை ஒவ்வொன்றிலும் தூள் ஒன்றரை கிராம் அளவுதான் என்றாலும் அது தீர ஆண்டுகள் ஆகும் என்பதால் எனக்கு இந்தக் கணக்கு உறுத்தவில்லை.

கடைக்குப் போகும்போது பழைய பேலட்டையும் எடுத்துப் போங்கள். முன்கையில் பழையதை ஒரு கோடு, புதியதை ஒரு கோடு இழுத்து, கடை விளக்கை நம்பாமல் வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நிறம் ஒத்துப்போவதோடு மினுமினுப்பின் பொடி அளவும் ஒத்துப்போக வேண்டும். ஹாஃப் பேக்டின் மினுமினுப்பு மிக நுண்ணியது, உலோகத் தகடு போலப் படியும். பருமனான ஜிகினாவோடு தங்க நிறத்தில் இருக்கும் எதையும் அதற்கு மாற்று என்று விற்பனையாளர் கையில் திணிப்பார். விளம்பரப் படங்களை வைத்து இணையத்தில் வாங்கினால் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. பூசும்போது, நிறம் ஒட்டி நிற்க அடியில் பூசும் பிரைமரையும் அதே அளவு போட்டு ஒப்பிடுங்கள். முதல் நேக்கட் பெட்டியோடு பிரைமர் ஒன்றும் வந்தது, அன்று நிறம் அப்படி நின்றதில் அதற்கும் பங்கு உண்டு.

## கழித்தவற்றை என்ன செய்வது

சோதனையில் தோற்ற வில்லைகளைப் பெட்டியிலேயே விட்டு வைக்காதீர்கள். அடுத்த அவசரத்தில் பிரஷ் அங்கேயே போகும். மெல்லிய கத்தி முனையால் வில்லையைத் தகரத்தோடு நெம்பி எடுத்து, தூளைக் காகிதத்தில் கொட்டி மடித்துக் குப்பையில் போடுங்கள். கழுவு தொட்டியில் கரைத்தால் மைக்கா அடியில் தங்கி நாளெல்லாம் மினுங்கும். தகரத் தட்டைப் பழைய இரும்புக்காரரிடம் போகும் பொருட்களோடு சேர்க்கலாம்.

நாம் எளிதாகச் செய்துவிடும் ஒன்றைப் பற்றி மட்டும் எனக்குக் கோபம் உண்டு. தான் பூசத் தயங்கும் பேலட்டைப் பள்ளி ஆண்டுவிழாவில் ஆடப்போகும் அண்ணன் மகளுக்கோ, வீட்டு வேலைக்கு வரும் பெண்ணின் மகளுக்கோ "நல்லாத்தான் இருக்கு, வச்சுக்கோ" என்று கொடுத்துவிடுகிறார்கள். மேடை ஒப்பனை என்றால் ஒரே பிரஷ் பத்துக் குழந்தைகளின் இமையைத் தொடும். கொடுக்கத்தான் வேண்டும் என்றால், கடையில் கிடைக்கும் சின்ன நான்கு நிற டப்பா ஒன்றைப் புதிதாக, சீல் உடைக்காமல் வாங்கிக் கொடுங்கள்.